நினைவுத் தூணுக்குப் போகும் வழி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று, விட்டுவிட்டுச் சாரல். ஐந்து நாளுக்குப் பிறகு சிறுவாணித் தண்ணீர். இரண்டு டிரம், ஏழு குடம். முதுகு பிடித்துக்கொண்டது.

செய்ய வேண்டியவை:
1. பி.பி. மாத்திரை.
2. காஸ் பதிவு.
3. சங்கத்தின் ஜூன் மாத நடவடிக்கைக் குறிப்பு, சுத்தப் படி.
4. மாராத்தாள் விஷயம்.

நான்காவதை மூன்று வாரமாக ஒரு பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு அந்த அம்மாவே வந்துவிட்டார், மகள் செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கிணத்துக்கடவிலிருந்து உக்கடம், அங்கிருந்து டவுன் பஸ். நாற்காலி போட்டேன். தரையில்தான் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கச் செல்வியோடு என் மனைவி சரசுவும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மகன் முருகேசன். ராணுவத்தில் இருந்தவன், இறந்து பதினாறு வருடம் ஆகிறது. பெயர் நம் போர் நினைவுத் தூணில், மேற்கு முகத்தில், கீழிருந்து நான்காவது வரி. அம்மா இன்று வரை அதைத் தொட்டதில்லை. நினைவிடம் எங்கள் சங்கத்தின் பொறுப்பில், நான் செயலாளர். பொதுமக்களுக்கு வருடத்தில் இரண்டே நாள் கதவு திறக்கிறோம், குடியரசு தினமும் சுதந்திர தினமும். இரண்டு நாளும் கயிறு கட்டி, விருந்தினருக்கு நாற்காலி போட்டு, மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே. கொடியேற்றி முடிந்ததும் பூட்டு. சாவி சங்கத் தலைவரிடம்.

"ஆடி இருவதுங்க சார், அன்னைக்குத்தானுங்க போன் வந்துச்சு. ஒருக்கா கையில தொட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றனுங்க. ஒசக்க ஏறத்தான் முட்டி வராதுங்க. நெஞ்சுல தண்ணி கோத்திருக்குதுன்னு டாக்டரு வேற சொல்லிப்போட்டாரு. இந்த ஆடி உட்டா எனக்கு ஆடி இல்லீங்க."

செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கிறேன் என்றேன். எல்லோரிடமும் சொல்வது.

ஜூலை 16, புதன்

காற்று. சாரல் இல்லை. டேப் எடுத்துக்கொண்டு நினைவிடம் போனேன். வாட்ச்மேன் துரை திறந்துவிட்டார்.

மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். மொத்தம் 18. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி. கல்லூரியில் முப்பது வருடம் நிலவியல் நடத்தியவனுக்கு இது பெரிய கணக்கு இல்லை. ஆனாலும் மூன்று முறை அளந்தேன். சங்கத்தார் வளாகத்துக்குள்ளேயே கோடு போட்டு வைத்திருக்கும் ஷட்டில் மைதானத்துக்குள் சாய்தளம் நாலடி போகிறது.

உறுப்பினர்கள் ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். தூணின் மேற்குப் பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு. ஒருவர் துண்டைத் தூண் மேல் காயப்போட்டிருந்தார். எடுக்கச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

தலைவர் வந்தார். பம்ப்செட் கம்பெனி, தென்னந்தோப்பு, எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர். வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.

"நல்லா போட்டிருக்கீங்க சார். உங்க கையே கை. ஆனா ஆடுற எடத்துல நாலடி போயிருமுங்களே."

"வருசம் முழுக்கக் கதவு திறந்திருந்தா..."

"ஆளாளுக்கு வந்து படுத்துக்குவாங்க சார். பாத்துக்கலாமுங்க."

'பாத்துக்கலாமுங்க' என்றால் நடக்காது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஒருவர்: "வாத்தியாரு தூணுல ஒரு பக்கம் ஷட்டில் நெட்டக் கட்டுறதுக்கும் பிளான் போட்டிருப்பாருங்க!" சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

போன வருடம் விழா முடிந்ததும் கயிற்றுக்கு வெளியே நின்ற மாராத்தாளிடம் தலைவர் சொன்னது: "மிட்டாய் வாங்கிக்கிட்டயா? சரி, பாத்துப் போ." துரைக்கே 'ங்க' போட்டுப் பேசுபவர். அந்த அம்மாவுக்கு எழுபது வயது.

ஜூலை 18, வெள்ளி

மனு எழுதினேன். நாலு படி அடித்துத் திருத்தினேன். நிலம் நகர நிர்வாகத்துடையது, சங்கம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. எனவே மண்டல அலுவலகத்துக்கு. கேட்டது இரண்டு:
அ) சாய்தளம்.
ஆ) பகலில் கதவு திறந்திருக்க வேண்டும்.

எதைச் சொன்னாலும் ஆதாரம் இணைப்பது என் பழக்கம். மாணவர்களுக்கு அது இல்லாவிட்டால்தான் மதிப்பெண் குறைப்பேன். குத்தகைப் பத்திரத்தின் நகலை இணைத்தேன். நிபந்தனை 7: இடம் பொதுமக்கள் வந்துபோகத் திறந்திருக்க வேண்டும், வேறு உபயோகம் கூடாது. சிவப்புப் பென்சிலால் ஸ்கேல் வைத்து அடிக்கோடு.

சரசு: "ஏனுங்க, தலைவருகிட்டச் சொல்லாமயா குடுக்கறீங்க?"

"சொன்னா குடுக்க முடியாது."

"குடுத்தப்பறம் தெரிஞ்சா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தபால் பிரிவில் முத்திரை வாங்கினேன். ரசீதைப் பீரோவில் பத்திரப்படுத்தினேன். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மதியம் இரண்டு தோசை கூடுதல்.

ஜூலை 24, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. வரிசைப்படி எழுதுகிறேன்.

9.30: துரை போன். "சார், ஆப்பீஸ்ல இருந்து ஜீப்ல வந்திருக்காங்க. உங்க பேரத்தான் சொல்றாங்க."

10.00: போனேன். எதிர் டீக்கடையில் நின்றுவிட்டேன். ரோட்டைத் தாண்டவில்லை.

10.00 முதல் 11.15 வரை: ஷட்டில் கோடுகளை அளந்தார்கள். நாற்காலி அடுக்கைப் போட்டோ எடுத்தார்கள். நிறுத்தியிருந்த மூன்று காரையும் எடுத்தார்கள்.

11.20: கதவில் நோட்டீஸ். நிபந்தனை 7 மீறல், விசாரணை முடியும் வரை யாரும் நுழையக் கூடாது. பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு.

மதியம் அலுவலகம் போய் சூப்பரின்டெண்டென்ட் அம்மாவைப் பார்த்தேன். நல்ல மாதிரிதான் பேசினார்.

"நீங்க கோடு போட்டே குடுத்துட்டீங்க சார், எங்களுக்குத் தேடுற வேலையே இல்லாமப் போச்சு."

"நான் சாய்தளம்தானே கேட்டேன்?"

"மீறல்னு தெரிஞ்சப்பறம் நாங்க சும்மா இருக்க முடியாதுங்களே. அந்த எடத்துக்கு பார்க்கிங் திட்டமும் ஒண்ணு இருக்குதுங்க."

விசாரணை எத்தனை நாள்?

"ஒரு வருசம். கோர்ட்டுக்குப் போனாங்கன்னா சொல்ல முடியாதுங்க."

இது வரைக்கும் வருடத்தில் இரண்டு நாளாவது திறந்தது. அதையும் நான் மூடிவிட்டேன்.

ஜூலை 26, சனி

பி.பி. 170/100. பால் பூத்தில் உறுப்பினர் ஒருவர், எனக்குக் கேட்கும்படி: "சங்கத்துக்கு வெளிய எதிரியே வேண்டாமுங்க. உள்ளயே செயலாளரு இருக்காரு." பால் வாங்காமல் திரும்பினேன். சரசு போய் வாங்கி வந்தாள்.

மாலை செல்வி போன். "சாருங்க, வழி போட்டாச்சுங்களா? அம்மா கச்சாயம் சுட வெல்லங்கூட வாங்கி வெச்சிருச்சு. அண்ணனுக்கு அதுதானுங்க புடிக்கும்."

"ஏற்பாடு நடக்குதும்மா."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்தது.

ஜூலை 30, புதன்

சாரல். கொடியில் துணி காயவில்லை. நாலு மணிக்குத் தலைவர் வீட்டுக்கு வந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. ஒரு தார் செவ்வாழை. சரசுவிடம், "நல்லாருக்கீங்களா அம்மணி? தோப்புல பழுத்ததுங்க." கோபத்தின் சுவடே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தட்டச்சு செய்த தாள் ஒன்றை மேஜையில் வைத்தார். செயலாளர் என்ற முறையில் நான் எழுதுவதாக மூன்றே வரி: மனுவைத் திரும்பப் பெறுகிறேன். தவறான புரிதலில் எழுதிவிட்டேன். நினைவிடம் எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது.

"மூணாவது வரி உண்மை இல்லைங்களே."

"காயிதத்துல இருக்கட்டுமுங்க. மேல பேசியாச்சு. இது போனா பூட்டுல இருக்கற சீல எடுத்துருவாங்க. நாற்காலி, கோடு எல்லாம் நாங்க சரி பண்ணிக்கறோம்."

"அந்த அம்மா?"

"ஆடி இருவது, அஞ்சாந் தேதி தானுங்க? காலைல பத்து மணிக்குச் சாவி குடுத்து உடறேன். அரை மணி நேரம். தேங்கா உடைக்கறது, கற்பூரம், அதெல்லாம் வேண்டாமுங்க."

"சாய்தளம்?"

"பாத்துக்கலாமுங்க."

ஒரு மணி நேரம் கேட்டேன். சிரித்தார். அரை மணி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன்.

கையெழுத்துப் போட்டால்: அந்த அம்மா தொட்டுவிடுவார். கதவு பழையபடி. இனி யார் கேட்டாலும் என் கையெழுத்தே எதிர்ச்சாட்சி.

போடாவிட்டால்: என்றாவது திறக்கலாம். அல்லது பார்க்கிங். அந்த அம்மா அதுவரை இருக்க மாட்டார்.

இரண்டாவது பத்தியில்தான் நியாயம் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் தெரிகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போட்டுவிட்டேன்.

அந்த அம்மாவுக்காகத்தான் போட்டேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பால் பூத்துக்குப் போக முடியவில்லை என்பதும் ஒரு காரணமா? இருக்கலாம். எத்தனை பங்கு என்று அளக்கத் தெரியவில்லை.

அவரிடமே கேட்டிருக்கலாம். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். "எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க" என்று அவர் சொல்லிவிட்டால்? எதற்கு அதிகம் பயந்தேன், அவர் சரி என்று சொல்வதற்கா, வேண்டாம் என்று சொல்வதற்கா?

சரசு இரவு: "எழுதறது எல்லாம் எழுதிப்போட்டு இப்ப மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருந்தா ஆச்சுங்களா? சாப்புடுங்க." ரசம் சோறு. பாதி.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில், பத்து நாளுக்குப் பிறகு. தலையணைகளைக் காயப்போட்டேன்.

அலுவலகம். சீல் எடுத்தாயிற்று. சூப்பரின்டெண்டென்ட் அம்மா கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"முடிச்சாச்சு சார். இனி இது விசயமா யாரு மனு குடுத்தாலும் உங்க காயிதத்தக் காட்டித் திருப்பி அனுப்பிருவோமுங்க. செயலாளரே திறந்திருக்குதுன்னு சொல்லிட்டாருல்ல."

என் வரைபடமும் உள்ளே இருந்தது, 18 அடி சாய்தளத்தோடு. திருப்பிக் கேட்டேன். கோப்பிலிருந்து எடுக்க முடியாதாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

9.40க்கே போய்விட்டேன். 10.05க்குத் துரை சாவியோடு வந்தார். நாற்காலிகள் அதே இடத்தில்தான். நானும் துரையும் அடுக்கடுக்காக எடுத்து ஓரமாக வைத்தோம். 42. கீழ் வரிகளில் ஒட்டடை. கைக்குட்டையால் துடைத்தேன்.

10.10: ஆட்டோ. அந்த அம்மா புதுச் சேலை. செல்வி கையில் தூக்குப்போசி.

சாய்தளம் இருக்கும் என்று நினைத்து வந்தவர் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழ்ப் படியில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு படி ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த படி. செல்வி தூக்கப் போனாள். "உடு அம்மணி. நானே போறன்." மூன்று படிக்கு ஆறு நிமிடம். அந்த அரை மணியில் ஆறு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுங்க சார்?"

நாலாவது வரியைக் காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகக் குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அழவில்லை. "கல்லு ஜில்லுன்னு இருக்குது கண்ணு" என்றார். என்னிடமோ செல்வியிடமோ இல்லை.

தூக்குப்போசியிலிருந்து கச்சாயம் நான்கு, செவ்வந்தி ஒரு முழம், தூணடியில் வைத்தார். எறும்பு வந்துவிடும் என்று துரை தயங்கினார். இருக்கட்டும் என்றேன். இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து சொல்லி நடந்தது இது ஒன்றுதான்.

10.40: துரை, மெதுவாக, "சார், நேரமாச்சுங்க. எனக்குப் போன் வந்திரும்."

இறங்குவது சுலபமாக இருந்தது. வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல தொட்டுப்போட்டனுங்க." கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆட்டோ போனது. துரை சங்கிலியைக் கோத்தார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார். என் வயது இருக்கும். உடுமலைப்பேட்டையாம், ஆஸ்பத்திரிக்கு வந்தவராம். கையில் எக்ஸ்ரே கவர்.

"ஏனுங்க, இப்பத்தான தொறந்திருந்துச்சு? என்ற தம்பி பேரு இதுல இருக்குதுங்க. வாரப்பல்லாம் பூட்டியே கெடக்குது. ஒரு நிமிசம் உட மாட்டீங்களா?"

துரை என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப எப்ப வந்தா தொறப்பீங்க?"

ஆபீசில் ஒரு மனு கொடுங்கள் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"எழுத வராதுங்க. நீங்க படிச்சவராட்டத் தெரியறீங்க. நீங்களே எழுதித் தாறீங்களா? இங்கயே நிக்கறன்."

பேனா கொண்டு வரவில்லை என்றேன்.

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார்.