மணமில்லாத மஞ்சள்

1983, ஆயுத பூஜை, ராத்திரி.

வெயிலில் கரண்டு எடுக்கிற கண்ணாடிக்குப் பூசும் மஞ்சள் நிறப் பொடியை ஆரியசாலைத் தெருவில் ஒரு ஷெட்டில் செய்கிறான் என் மகன் முருகேசன். முதல் பொடியைப் பூஜையில் வைக்க, ஊறுகாய்க் குப்பியில் கொண்டுவந்தானாம். என்னிடம் சொல்லவில்லை. நான் மஞ்சள் என்று நினைத்துக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தேன். மணமில்லை, பழைய மஞ்சளாக்கும் என்று விட்டுவிட்டேன். கையில் ஒட்டியதைப் பேத்தி வள்ளி கன்னத்தில் தடவினேன். பிள்ளை அதை வழித்து நக்கினாள்.

முருகேசன் வந்து பார்த்து வெளிறிப்போனான். "எம்மா, அது விஷமாக்கும். பிள்ளை வாயில போச்சா?"

மருமகள் பக்கத்தில் நின்றாள். வந்த புதிதில் நான் வைத்த ரசத்தைச் சாக்கடையில் கொட்டினவள்.

"இல்ல மக்ளே" என்றேன்.

"மோந்து பாத்தாலே தெரியுமே அத்தை" என்றாள் அவள். கன்னத்தைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்கள்.

வள்ளி என் பக்கத்தில்தான் கிடக்கிறாள். ரெண்டு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். இப்போது ஓக்காளிக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் நான் சாகும்வரை மருமகள் சொல்லிக்காட்டுவாள். காட்டட்டும். அவர்கள் கதவைத் தட்டப் போகிறேன்.