பெரியவர் பார்க்கும் சின்னவர் பார்க்கும்

மே 12, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று. கடைக்கு டிஸ்டெம்பர் லோடு வந்து இறங்கியது. இரண்டு டின் நசுங்கல், திருப்பி அனுப்ப வேண்டும். மதியத்துக்கு மேல் பெயிண்ட் வாங்க ஒரு ஆள் இல்லை.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்தேன். டூர் விஷயம் இன்று முடிந்தாக வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் பெ.பா.வா, சி.பா.வா?

(பின்னால் எனக்கே புரிய வேண்டுமே: பெ.பா. பெரியவர் பார்க். சி.பா. சின்னவர் பார்க். போர்டில் இருப்பது வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள், யாரும் சொல்வதில்லை. ஒரே தென்னந்தோப்பு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள், நடுவில் ரோடு. அண்ணன் தன் பங்கில் தண்ணீர்ப் பார்க் போட்டுத் தங்க ரூம் கட்டினார். தம்பி சும்மா இருப்பாரா? எதிரே ராட்டினப் பார்க், ரூமும் ஒரு மாடி கூடுதல். இருவருக்கும் பேச்சு கிடையாது. மைக்கில் மட்டும் பேசிக்கொள்வார்கள்.)

சின்னவள் ரோசிக்குத் தண்ணீர். எட்டாவது முடித்த பிள்ளை, வேறு என்ன கேட்கும். என் வீட்டுக்காரி பிலோவுக்கு ராட்டினம். "ஏறணும்னு இல்லங்க. கீழ உக்காந்து வேடிக்கை பாத்துக்கிருவேன்." பெரியவள் அமலி, "எதுன்னாலும் சரிப்பா."

இந்த "எதுன்னாலும் சரி"தான் எனக்கு ஆகவில்லை. கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று டிசம்பரில் சொன்ன நாளிலிருந்து எல்லாமே சரியாம் அவளுக்கு. பி.எஸ்சி. முடித்துவிட்டாள். ஜூன் முதல் வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சேர வேண்டும். சிஸ்டர்கள் தேதியே சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் சரி சொல்லவில்லை. "போறதுன்னா ஒங்கம்மா கொண்டு போயி விடட்டும். நான் வர மாட்டேன்" என்றேன், அதோடு சரி.

பிலோவிடம்கூடச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இந்த டூர் அவளுக்காகத்தான். உலகத்தில் இவ்வளவு சந்தோஷம் கிடக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். மனசு மாறாதா?

முடிவு வராததால் திருவுளச்சீட்டு. இயேசுவின் இருதயப் படத்துக்கு முன்னால் எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு சீட்டு, ஒரு பரலோக மந்திரம், ரோசி எடுத்தாள். பெ.பா. பிலோ முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் பாதி பாதி போகலாமே என்றேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை. "சாமிகிட்ட கேட்டுட்டு அப்பறம் நாம மாத்துறது பாவங்க."

ரோசி: "பெரியவர் பார்க் மட்டும்னு சீட்டுல எழுதலையேம்மா. மொதல்ல அங்க போவோம். அப்பறம் ரோட்டத் தாண்டுவோம்."

அமலி விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல சகுனம்.

மே 14, வியாழன்

கார் நிற்கும் முன்பே இரண்டு பக்கத்து வாட்ச்மேன்களும் விசில். இவன் இந்தப் பக்கம் திருப்பு என்கிறான், அவன் அந்தப் பக்கம். சி.பா. வாட்ச்மேன், "சார், அங்க தண்ணி உப்பு சார்!" நாங்கள் பெ.பா.வுக்குள் போனதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

வாசலில் இரண்டு மாடி உயரத்தில் ஃபைபர் யானை, தும்பிக்கையிலிருந்து தண்ணீர். வாயைப் பிளந்தேன் என்பது உண்மை. கிட்டே போய்த் தட்டிப் பார்த்ததும் உண்மை. பிரைமர் ஒழுங்காக அடித்திருக்கிறார்கள். எனாமல் குறைந்தது மூன்று கோட். காதோரம் வெடிப்பு விட்டிருக்கிறது, அடுத்த மழைக்குள் பார்க்க வேண்டும். மேனேஜரிடம் கடை கார்டு கொடுத்தேன். பிலோ முறைத்தாள்.

சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். நைலான் உடுப்பு வாடகைக்கு. பிலோவுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் பேண்ட், சட்டை. போட்டவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "பங்குக் கோயில் ஆளுங்க யாராச்சும் பாத்தா அம்புட்டுத்தான்." நான் கூப்பிட்டேன், ரோசி கூப்பிட்டாள். நடக்கவில்லை. அமலி உள்ளே போனாள். என்ன பேசினாள் என்று தெரியாது. செத்த நேரத்தில் இருவரும் கை கோத்து வெளியே.

அலைக்குளம். இதை எப்படி எழுதுவது? வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்தவன்தான் நான். அது அதன்பாட்டுக்கு வந்து போகும். இங்கே ஒரு சங்கு ஊதுகிறார்கள். அதுவரை தரைபோல் கிடந்த தண்ணீர் எழுந்து நிற்கிறது. நேற்றுவரை தென்னந்தோப்பாகக் கிடந்த பூமி! குளத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் ஓவென்று கத்த, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த அலை பிலோவை அடித்துக் கீழே தள்ளியது. எழுந்தவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாள்?

மே மாதம், மாதா வணக்கம் விடக்கூடாது. ரூமிலேயே ஜெபமாலை. வெளியே பெ.பா. மைக், "குடும்பத்தோடு வாங்க, குதூகலமாப் போங்க." சி.பா. மைக், "ஒசரத்துக்கு வாங்க, ஒலகத்தைப் பாருங்க." நடுவில் நாங்கள் அருள் நிறைந்த மரியே. பிலோவுக்கு மூன்றாம் தேவ ரகசியத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

மே 15, வெள்ளி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பேக்கேஜில் ஒரு மதியம் பிரியாணி விருந்து, சீரகச்சம்பா, மட்டன். அதற்காகவே அந்தப் பேக்கேஜ் எடுத்தேன். எந்தக் கிழமை என்று பார்க்கவில்லை. இன்று வெள்ளி. எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் மட்டுமில்லை, வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஹால் முழுக்க மணம். நாலு பேரும் தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். அமலியைப் பார்த்து, "நீ வேணா கொஞ்சம் சாப்புடு தாயி. டூர்ல வந்தா தோசமில்ல" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க சாப்டுங்கப்பா. நான் போட்டுட்டு வரட்டா?" என்றாள். நான் சாப்பிடவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். முகமே சரியில்லை. "பிரியாணி சரியில்லையா சார்? வேற தம் போடச் சொல்றேன். அந்தப் பக்கம் போயி ஏதும் சொல்லிறாதீங்க சார்." அமலிதான் விளக்கினாள். அவர் உட்கார்ந்தே விட்டார். அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் வந்தது. போகும்போது அமலி அவரிடம், "அம்மாவுக்கு இப்ப முட்டி தேவலையாண்ணே?" என்று கேட்கிறாள். அவர் அம்மாவுக்கு முட்டிவலி என்று இவளுக்கு எப்போது தெரியும்?

அமலி பெரிய சறுக்கில் ரோசியோடு திரும்பத் திரும்ப ஏறினாள். மேலிருந்து அலறிக்கொண்டு வருகிறாள். முடியெல்லாம் மூஞ்சியில். அப்படிப் பார்த்து எவ்வளவு காலம். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். துண்டைக் கொடுத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நல்லாருக்குல்ல?"

"சூப்பரா இருக்குப்பா."

"இதையெல்லாம் விட்டுட்டா போற?"

"ஆமாப்பா. புடிக்காதத விட்டுட்டு வர்றவள அவங்க எதுக்குச் சேத்துக்கப் போறாங்க?"

தலையைத் துவட்டிக்கொண்டே சொல்கிறாள்.

சாயங்காலம் பெட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தோம். பெ.பா.வில் கையில் கட்டிய ரிப்பனை அறுத்துக் கொடுத்தால் சி.பா.வில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் இலவசம். நேற்று முதுகைக் காட்டிய வாட்ச்மேன் இன்று சல்யூட் அடித்தான். "அப்பவே சொன்னேன்ல சார்."

மே 16, சனி

புழுக்கம். இலை அசையவில்லை. மதியம்வரை சின்னச் சின்ன ராட்டினங்கள். ரோசி ஒன்று விடவில்லை. பிலோ பெஞ்சில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றபடி, போகிற வருகிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மற்றது நிதானமாக எழுத வேண்டும்.

சாயங்காலம் பெரிய சக்கரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ரோசிக்குக் கிறுகிறுப்பு, அம்மாவோடு கீழே நின்றுவிட்டாள். நானும் அமலியும் ஒரு பெட்டியில். எங்கள் பெட்டி உச்சிக்கு வரும்போது காற்று கிளம்பியது. சக்கரம் நின்றது. கீழேயிருந்து ஆபரேட்டர் கையால் சைகை காட்டுகிறான்: காற்று அடங்கும்வரை சுற்ற மாட்டோம், அசையாமல் உட்காருங்கள். அடுத்த நிமிஷம் கரண்ட் போனது. சி.பா. மைக் அணைந்தது. எதிரே பெ.பா. மைக்கும் அணைந்தது.

அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஒரு பக்கம் சிறுமலை. தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை, கையளவு. தென்னந்தோப்பு, பூக்காடு, செம்மண், நூல் போல ஒரு ரயில். இந்தப் பக்கம் கொடைக்கானல் மலையைக் காணவில்லை. மழை அதை மறைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் ஷேடு பார்த்தவன் நான். அந்த மழையின் நிறம் எந்தக் கம்பெனி ஷேடு கார்டிலும் கிடையாது. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. உள்ளே ஒரு வெளிச்சம். பயத்தை மறந்து கும்பிட்டேன்.

அமலி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அப்பா, பயமா இருக்கு."

"எறக்கிருவாங்க தாயி. செத்த நேரந்தான்."

"இதுக்கில்லப்பா. அங்க போறதுக்கு. கொஞ்ச நாளா தூக்கமே இல்ல. யார்ட்டயும் சொல்லல."

டிசம்பரிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. இதற்காகத்தான் யானை, அலை, பிரியாணி எல்லாம். "அப்பப் போக வேணாம் தாயி." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது பக்கத்துப் பெட்டியில் ஒரு குழந்தை வீறிட்டது. ஒரு சின்ன வயது அம்மா, பழனிப் பக்கம் போல, மடியில் பிள்ளையை அமுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து, "ஏனுங்க, உழுந்துருமுங்களா? அந்தாளு என்னமோ சைகை காட்டுறானே, என்னங்க அது?"

அமலி திரும்பினாள். "உழாதுக்கா. காத்து நின்னதும் எறக்குறேன்னு சொல்றாங்க. பாப்பா பேரு என்னக்கா?" ஏதோ பேர் சொன்னாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. இவளுக்குக் கேட்டிருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தா ரயில் போகுதே, எத்தன பெட்டி எண்ணு பாப்போம் என்கிறாள். மழை மொதல்ல ஒன் வீட்டுக்கு வருமா என் வீட்டுக்கு வருமா என்கிறாள். காற்றுக்கு மேலே சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. குழந்தை அழுகையை நிறுத்தி எண்ண ஆரம்பித்தது. அந்த அம்மாவும் கூட எண்ணினாள்.

அமலியின் கையைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பயம் அப்படியே இருக்கிறது, எங்கும் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் பெற்ற பிள்ளையா இது? மழையைப் பார்த்தபோது வந்த அதே சிலிர்ப்பு எனக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை மழைக்காக இல்லை.

மழை எங்கள்மேல் வந்து விழுந்தது. காற்று தணிந்தது. ஜெனரேட்டர் போட்டார்கள். சக்கரம் இறங்கத் தொடங்கியபோது சொன்னேன்.

"பயமா இருந்தா ஒடனே போன் பண்ணு."

"அங்க போன் கெடையாதுப்பா."

"அப்பக் கடுதாசி போடு."

அவள் என்னையே பார்த்தாள். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கீழே பிலோ கூரைக்குள் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், சொட்டச் சொட்ட. ரோசி பழனிக்காரப் பிள்ளைக்குத் தன் சோளப்பொரியைக் கொடுத்துவிட்டாள்.

மே 17, ஞாயிறு

இரவெல்லாம் மழை, காலையில் தூறல். முதல் பூசைக்கே திரும்பி வந்துவிட்டோம். கடை லீவு. உடம்பெல்லாம் வலி. ரோசிக்குச் சளி. ஈரத்துணி மலைபோல் கிடக்கிறது.

மேனேஜர் போன் செய்தார், பெ.பா. யானைக் காதுக்கு என்ன பெயிண்ட் நல்லது என்று கேட்டு. நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன்.

சாப்பிடும்போது பிலோ: "ஏங்க, அமலியக் கொண்டு போயி விட எந்தம்பி வாரேன்னிருக்கான். நீங்கதான் வர மாட்டேன்னுட்டீங்களே. மூணு பேருக்கு டிக்கெட் போடச் சொல்லிறட்டா?"

"அவன் எதுக்கு? நான் போறேன். ரோசியும் வரட்டும்."

பிலோ குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அமலி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று தோள் சொன்னது. நானும் அழுதேன், பிள்ளைகள் முன்னாலேயே. வெட்கமில்லை.

நாளை கடைக்குப் போகும் வழியில் ஸ்டேஷன். தஞ்சாவூருக்கு டிக்கெட். போக நாலு. திரும்பி வர மூன்று.