நாலு மணிக்கு வருகிறவரிடம் கணினியைக் கொடுக்காதே

அண்ணா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. பழைய கணினியை எடுத்துப்போக நீ வரச்சொன்ன கடைக்காரர் நாலு மணிக்கு வந்தால் கொடுக்காதே. என் தையல் அளவுப் படங்கள் அதில் மட்டும்தான் திறக்கும். புதியதில் அந்த மென்பொருள் ஓடாது.

“கிழட்டு மாடு, எழுந்திரிக்கவே ஏழு நிமிஷம் ஆகுது” என்று நேற்று கத்தினாயே, மாட்டின் மேல் தப்பில்லை. வேகம் கூட்டுவதற்கென்று நீ மூன்று மென்பொருள் போட்டிருக்கிறாய். கணினியைப் போட்டதும் மூன்றும் தாமாக எழுந்து எல்லாக் கோப்புகளையும் சோதிக்கின்றன, ஒன்றையொன்றும் சோதிக்கின்றன. ஒரே வாசலில் மூன்று காவலாளிகள் நின்று ஒருவர் பையை ஒருவர் துழாவினால், வீட்டுக்காரர் எப்போது உள்ளே போவது?

இரண்டை நீக்கிவிட்டேன். பாட்டு மென்பொருள், அரட்டை மென்பொருள் இரண்டும் தாமாகத் தொடங்காதபடி நிறுத்தினேன். அழிக்கவில்லை, பயப்படாதே. வேண்டும்போது சொடுக்கினால் வரும். இப்போது ஐம்பது விநாடிதான். கடிகாரத்தை வைத்து மூன்று முறை பார்த்தேன், நீயும் பார்.

“துணி வெட்டுறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்” என்றாய். தெரிந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

தங்கை

பி.கு: நான் வர ஏழு மணியாகும். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

இன்னொன்று: இவ்வளவு எழுதியும் நீ கொடுத்தாலும் கொடுப்பாய். அதனால் கடைக்காரருக்கு நானே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதானால் ஏழு மணிக்கு என்னைத் திட்டு. பாவம், அவரை விட்டுவிடு.