கடிதத் தலையில் சிலுவை

+
கம்பைநல்லூர்
20-1-1988

அன்புள்ள மாமாவுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள், பொங்கலுக்கு மறுநாள் விடியலில். மூக்கு அப்படியே உங்களுடையது, எனக்கு அதுதான் கவலை. நீங்கள் பட்டாளத்தோடு யாழ்ப்பாணம் போனதிலிருந்து ரேடியோ செய்தி கேட்டே உங்கள் அம்மா பாதி ஆளாகிவிட்டார்கள். பிள்ளையைப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது.

பங்குச் சாமியார் அடுத்த மாதமே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்கிறார். நம் வீட்டில் அப்பன்தானே பிள்ளையைத் தொட்டிக்கு ஏந்திப் போவது? காத்திருக்கட்டுமா?

உங்கள்
ஞானமேரி

+
யாழ்ப்பாணம்
6-2-1988

என் ஞானத்துக்கு,

உன் கடிதத்தை நான் படிப்பதற்குள், அடுத்த படுக்கைக்காரன் பச்சியப்பன் பிடுங்கிச் சத்தமாகப் படித்துவிட்டான். அரூர்க்காரன், அப்படித்தான் இருப்பான். முகாம் முழுக்க அவனே வெல்லம் கொடுத்தான்.

இங்கே ரோந்து போகும்போது ஏதாவது வீட்டில் பிள்ளை அழுதால் என் கால் நின்றுவிடுகிறது. ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். கட்டாயம் காத்திரு. பிள்ளையை நான்தான் ஏந்துவேன். மூக்கைக் குறை சொன்னதற்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன்
கஸ்பார்

உ
8-3-1988

அன்புள்ள ஞானமேரிக்கு,

நலம். இங்கே வேலை அதிகம். லீவு கிடைப்பது சந்தேகம். ஞானஸ்நானத்துக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தம்பி சவுரியப்பன் பிள்ளையை ஏந்தட்டும்.

இப்படிக்கு
கஸ்பார்

+
கம்பைநல்லூர்
18-3-1988

மாமா,

எழுத்தைப் பார்த்தால் உங்களுடையது மாதிரியேதான் இருக்கிறது. யாரோ உங்கள் எழுத்தை நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து சிலுவை போடாமல் நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. இதில் பிள்ளையார் சுழி இருக்கிறது. பச்சியப்பன் அண்ணன் பழக்கத்தில் போட்டுவிட்டார், இல்லையா?

அத்தையிடம் காட்டவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து தனியாக அழுதேன். எழுத முடியாமல் உங்கள் கைக்கு என்ன ஆயிற்று? என்னவாக இருந்தாலும் உள்ளதை எழுதுங்கள். கண்ணை மறைத்துவிட்டு நலம் என்றால் நான் நம்புவேனா?

நேற்று சவுரியப்பனிடம் பிள்ளையை ஏந்தச் சொல்லிக் கேட்டேன். "அண்ணன் வரட்டுங்க அண்ணி. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்" என்று வெளியே போய்விட்டார். சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். பாப்பா உங்களுக்காகக் காத்திருக்கிறாள். எத்தனை மாதமானாலும் சரி.

ஞானமேரி

+
ராணுவ ஆஸ்பத்திரி, மெட்ராஸ்
9-4-1988

என் ஞானத்துக்கு,

இது நானே எழுதுவது, இடது கையால். இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. மேலே சிலுவை சாய்ந்திருக்கிறது, சிரிக்காதே.

பிப்ரவரியில் கண்ணிவெடி வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. பச்சியப்பனுக்குக் காலில் அடி, இங்கேயும் அடுத்த கட்டில்தான். "உன் எழுத்து மாதிரியே எழுதிடறேன், தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது" என்றான். உன் கடிதம் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். ஞானஸ்நானத்துக்கு அவனும் வருகிறான், கோழி அடிக்க வேண்டுமாம்.

என் பயத்தை உன்னிடம் சொல்கிறேன். எல்லார் முன்னாலும் ஒற்றைக் கையில் பிள்ளை வழுக்கிவிட்டால்? அதனால்தான் வேண்டாம் என்றேன். நீ விடவில்லை. இப்போது தினமும் தலையணையை வைத்துப் பழகுகிறேன். முதல் வாரம் மூன்று முறை கீழே விழுந்தது. பத்து நாளாக விழவில்லை.

மே ஐந்து, வியாழக்கிழமை மொரப்பூரில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமியாரிடம் சொல்லிவை. ஸ்டேஷனுக்குப் பாப்பாவைக் கொண்டு வா. என்னைப் பார்த்ததும் அழாமல், முதலில் அவளைக் கொடு.

இடது பக்கமாகக் கொடு.

உன்
கஸ்பார்