மாடிக்கு விட்ட கம்பி

14 மார்ச் 1991
ஸ்ரீரங்கன் என்று ஓர் ஆர்க்கிடெக்ட் இன்று கடைக்கு வந்தார். உலக ஜனத்தொகை எங்கே போய் நிற்கும் தெரியுமா என்று கேட்டார். கீழ்க்கட்டளையில் என் லாரி நிற்கவே இடமில்லை, அதுதான் தெரியும். ஊரப்பாக்கத்தில் மாதிரி வீடுகள் கட்டுகிறாராம் — சுடாத மண் கல், குவிந்த கூரை. பூமிக்குப் பாரமில்லாத வீடு. மண்ணில் கலக்க என்னிடம்தான் சிமெண்ட் வாங்கிப்போனார்.

2 ஜூன்
அதில் ஒரு வீடு வாங்க மருமகன் அயூப் பெயர் கொடுத்துவிட்டான். மகள் அஜீசாவுக்கென்று என் மொட்டைமாடியின் நாலு மூலையிலும் கம்பி விட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் யார் கட்டினாலும் அப்படித்தான். பிள்ளை பெருகும், வீடும் வளரும். மாடி எப்ப வேணா கட்டலாம் அத்தா என்கிறாள். எப்ப?

19 ஜனவரி 1992
மகளின் புதுமனை விருந்து. மாடி எழுப்பக் கம்பி எங்கே என்று ஸ்ரீரங்கனைக் கேட்டேன். "இது முழுமையான வடிவம் பாய். இதுக்கு மேல எதுவும் வராது" என்றார். உலகம் பெருகுமாம், இந்த வீட்டில் மட்டும் பெருகாதாம். மிளகாய் காயப்போடத் தட்டையாக ஓர் இடமில்லை. என் சம்சாரம் சித்திகா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

11 மே
கத்திரி வெயில். மதியமானால் சித்திகா மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே குளுகுளுவென்று இருக்கிறதாம். என் வீட்டுத் தளம் தோசைக்கல். தனியாகச் சாப்பிட்டேன்.

12 மே
இன்றும்.

30 ஆகஸ்ட் 1994
மூத்தவனுக்குப் பின் அஜீசாவுக்குப் பிறந்த இரட்டை ஆண்பிள்ளைகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்னோர் அறை கேட்டார்களாம். பக்கத்தில் இடமில்லை, கூரை தாங்காது, குடும்பம் அளவோடு இருக்கணும் என்றாராம் ஸ்ரீரங்கன். உலக ஜனத்தொகையை என் பேரன்களிடமிருந்து குறைக்கப் பார்க்கிறார்.

4 செப்டம்பர்
அஜீசா வந்தாள். மொட்டைமாடி ஏறிக் கம்பியைத் தொட்டாள். கையெல்லாம் துரு.
"மாடி கட்டுங்க அத்தா. ஆனா சுவரு மண் கல்லு, மேல ஓடு. உங்க தளத்துச் சூட்டுல என் புள்ளைங்கள வளர்க்க மாட்டேன்."
சிமெண்ட் வியாபாரி வீட்டில் மண் சுவரா? ரோட்டில் போகிறவன் சிரிக்க மாட்டான்? முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

5 செப்டம்பர்
ஸ்ரீரங்கனுக்குப் போன் செய்தேன். மண் கல் அச்சு மெஷின் வாடகைக்குத் தருவாராம்.

7 மே 1995
"இன்னா பாய், சிமெண்ட் கடைக்காரர் வூட்டு மேல மண்ணு கீது?" என்றான் எதிர்க்கடை ஜெயவேலு. மண் கல் விலையைச் சொன்னேன். அவனுக்கும் ஒரு லோடு வேண்டுமாம்.
மேலே நிழல் விழுந்ததில் கீழேயும் சூடு குறைந்திருக்கிறது. சித்திகா மதியம் வீட்டில்தான் தூங்குகிறாள். தலைக்கு மேல் பேரன்கள் ஓடுகிற சத்தத்தில் எனக்குத்தான் தூக்கமில்லை.
ஸ்ரீரங்கன் பார்க்க வந்தார். சந்தோஷப்பட்டார். ஓட்டுக்கு மேலே நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இது எதுக்கு பாய் என்றார்.
பேரன் மூணு பேருக்கும் கல்யாணம் ஆக வேண்டாமா சார் என்றேன்.