திறந்தால் பேசும் பெட்டிகள்

ஜூலை 6, திங்கள்

கச்சான், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. காலையிலேயே நாக்கு உலர்கிறது. படிப்பித்து முடித்து, பள்ளிக்கூடம் விட்டு நேரே காரைதீவு. நான் ஸ்கூட்டியில், எங்கள் கலை வட்டத் தலைவர், எல்லாருக்கும் அண்ணன் முறையான நவாஸ் காக்கா மோட்டார் சைக்கிளில். இரண்டின் பின்னாலும் பழைய சூட்கேஸ்கள். யுத்தத்தில் சோதனைச் சாவடி இருந்த காலமென்றால் பாதி வழியில் இறக்கியிருப்பார்கள்.

குவைத், கத்தார், சவூதி என்று வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் தந்த பெட்டிகள். கண்காட்சிக்கு. திறந்தால் பெட்டிக்காரியின் குரல் கேட்க வேண்டும். யோசனை என்னுடையது. எப்படிச் செய்வதென்று வட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் கேட்டோம், அவர்கள் சொன்ன விலைக்குக் கண்காட்சியையே மறந்துவிடலாம்.

அதனால்தான் காரைதீவுச் சுஜீவனிடம் வந்தோம், தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறவர். சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு கூட்டம் கூடும். போன் திருத்துகிறவர்கள், ஆலையடிவேம்பில் இருந்து வயரிங் செய்யும் ஒரு பெண், வயலில் ஈரம் அளக்கக் கருவி செய்யும் ஒருவர். சுஜீவன் உள்ளங்கை அளவில் ஒரு நீல மின்சுற்றுப் பலகையைக் காட்டினார். அதில் வெளிச்சம் பட்டால் உணரும் ஒரு சின்னக் கண். பெட்டி திறந்தால் வெளிச்சம், வெளிச்சம் பட்டால் குரல். அவ்வளவுதானாம்.

"இது ஆரு கண்டுபிடிச்ச?" என்று நவாஸ் காக்கா கேட்டார்.

"ஒராள் இல்ல, கனபேர். வரைபடம் இணையத்தில கிடக்கு. ஆரும் எடுக்கலாம், மாத்தலாம். நாங்க மாத்தினதையும் திருப்பிப் போடோணும். அதான் முறை."

"அப்ப எங்கட பெட்டிய வேற ஆக்களும் செய்வாங்களே?"

"செய்யட்டுமே காக்கா. நாங்களும் வேற ஆக்கள்ட எடுத்துத்தானே செய்யிறம்."

காக்காவுக்கு நம்பிக்கை இல்லை. இலவசமாக யார் எதைத் தருவார்கள் என்கிறார். அவர் சொல்லும்போது அவர் சரி, சுஜீவன் சொல்லும்போது சுஜீவன் சரி. எனக்கு இதே வேலை.

அழைப்பிதழில் இந்தக் கூட்டத்தை என்னவென்று போடுவது? காக்கா 'செய்வினையாளர்' என்றார். வேண்டாம், சனம் தாயத்துக் கட்டிக்கொண்டு வரும் என்றேன்.

ஜூலை 9, வியாழன்

இன்று சுஹறா மச்சியின் குரல் பதிவு. மாமி மகள், மருதமுனையில் இருக்கிறாள். குவைத்தில் பல வருடம். இப்போது தையல். மகன் சப்ரி கல்முனையில் ஒரு போன் கடையில் வேலை.

என் அறையில், ஜன்னல் சாத்தி. ஃபேன் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்தி. இருவருக்கும் வேர்வை ஆறாய்.

முதலில் விமான நிலையம், மேடம், சமையல் என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"அந்த வீட்டுப் புள்ள பொறந்த நாள்ல இரிந்து என்ட கையிலதான் தூங்கும். என்னத்தான் உம்மா எண்டு கூப்பிடும். ஒரு நாள் சப்ரிட மொகத்த நினைச்சுப் பாத்தன். வரல்ல. எவ்வளவு நினைச்சும் வரல்ல. போட்டோ பெட்டியிலதான் இரிந்திச்சி. எடுத்துப் பாக்கப் பயந்திட்டன்."

போன் பதிந்துகொண்டே இருந்தது.

எழும்பும்போது சொன்னாள்: "பேர் போடாத. அந்தக் கண்காட்சி ஹோலுக்குள்ள மட்டும். சப்ரிக்கு இது தெரியா."

ஓம் என்றேன்.

ஜூலை 11, சனி

நாள் முழுக்கக் கொட்டகை. மூன்றாவது பெட்டி, சுஹறாவுடையது, மூடியிருக்கும்போதே பேசுகிறது. ஸிப் பல் ஓடும் இடத்தில் ஓட்டை, வெளிச்சம் புகுகிறது. என் பழைய கறுப்பு ஹபாயா அங்கியை வெட்டி உள்ளே ஒட்டினோம். வாயை மூடியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானே சாலிடர் பிடித்தேன், விரலில் சூடு. சந்தோஷம்.

போகும் நேரம் சுஜீவன் கேட்டார், "எல்லாத்தையும் இணையத்தில போடட்டா காக்கா?"

"போடுங்க, போடுங்க."

காக்கா மாறிவிட்டார்! வீட்டுக்கு வரும் வழியில் மீன் வாங்க மறந்துவிட்டேன். இரவுக்கு முட்டை.

ஜூலை 18, சனி

திறப்பு. நினைத்ததை விட அதிகம் பெண்கள். ஹோலில் அரைமணி நேரம் கரண்ட் இல்லை, பேட்டரியில் பெட்டிகள் மட்டும் பேசின.

சுஹறா முகம் மூடி வந்தாள். தன் பெட்டிக்கு முன்னால் யாரோ போல நின்றாள். திறந்து கேட்ட ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடமே சொன்னாள், "பாவம், ஆரோ."

"ஓம், ஆரோ" என்றாள் சுஹறா.

ஜூலை 22, புதன்

காலையில் வட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல். எங்கோ ஒரு நாட்டில் ஒரு நாடகக் குழு. எங்கள் வரைபடத்தைப் பார்த்து அதே பெட்டிகளைச் செய்திருக்கிறார்கள். நன்றி, நன்றி என்று. கூடவே ஒரு வீடியோ. காக்கா எல்லாருக்கும் அனுப்பத் தயார். திறந்து பார்த்தேன். அழகான மண்டபம். ஒரு பெண் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து சுஹறா பேசுகிறாள். "சப்ரிட மொகத்த..." மகன் பெயரோடு, அதை நான் வெட்டவேயில்லை. கீழே அவர்கள் மொழியில் எழுத்து ஓடுகிறது.

காக்காவையும் இழுத்துக்கொண்டு காரைதீவுக்கு. சுஜீவன் முகம் வெளிறிவிட்டது.

"எல்லாத்தையும் போடுங்க எண்டுதானே காக்கா சொன்னீங்க? முழு ஃபோல்டரையும் போட்டன். குரல் இல்லாம பெட்டி என்னெண்டு வேல செய்யும் எண்டு..."

"நான் வயரச் சொன்னன், தம்பி! பொம்பளைட குரலையா சொன்னன்?" என்று காக்கா கத்தினார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு அந்த 'எல்லாம்' எதுவாகக் கேட்டது? ஞாபகம் இல்லை.

சுஜீவன் குரல்களை இணையத்திலிருந்து அங்கேயே எடுத்துவிட்டார். அந்தக் குழுவுக்கு எழுதினோம். மாலைக்குள் பதில்: மன்னிப்பு, நீக்கிவிட்டோம், தெரியாது. நல்ல மனிதர்கள். அதுவே கஷ்டமாக இருக்கிறது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்தால் கோபப்பட்டுத் தொலைக்கலாம்.

"இங்க எடுத்தாச்சு. ஆரும் இறக்கி வச்சிருந்தா எனக்குத் தெரியா டீச்சர்" என்றார் சுஜீவன். உண்மையைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி வரைபடம் மட்டும் போடுவது, குரல்கள் வட்டத்தின் அலுமாரியில் என்று முடிவு. அலுமாரி மட்டும் யாருடையது? அதற்கு மூன்று பேரிடம் சாவி.

சுஜீவன் போன்றவர்கள் தங்கள் வேலையை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்காவிட்டால் எங்களுக்குப் பெட்டியே இல்லை. அதுவும் உண்மை.

ஜூலை 23, வியாழன்

மருதமுனை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். போய் நின்றதும் எல்லாம் மறந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளறி முடித்தேன்.

சுஹறா ஏசுவாள் என்று நினைத்தேன். "காட்டு" என்றாள். என் போனில் கிடந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தாள்.

"அந்தப் பொம்புள ஏன் அழுகிற? அவக்கு நம்மட பாஷை வெளங்குமா?"

"கீழ எழுதியிரிக்கி."

"நான் சொன்னதத்தான் எழுதியிரிக்காங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த மொழி எனக்கும் வராது.

கொஞ்ச நேரம் மெஷினை மிதித்தாள். ஊசியில் நூல் இல்லை.

"சப்ரி போன் கடையில இரிக்கான். நாளைக்கே ஆரும் கொண்டு வந்து காட்டுவாங்க" என்றாள். பிறகு, "அழிச்சது சரி." பிறகு, "ஏன் அழிச்ச?" பிறகு, "போ மச்சி, எனக்கு வேல இரிக்கி."

கோபமா? கோபம் என்றால் பிளேன்டீ தந்திருக்க மாட்டாள். குடித்தேன், சீனி அதிகம்.

ஜூலை 25, சனி

ஹோல் திறக்கும் முன்பே வாசலில் சுஹறா. கூடச் சப்ரி. தாயை விட உயரம். காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தானாம், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

அவனை நேரே மூன்றாவது பெட்டிக்குக் கூட்டிப்போனாள். அவன் மூடியில் கை வைத்தான். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொறக்காத மவன். இது சொல்றத நான் சொல்றன்."

நான் வெளியே வந்துவிட்டேன். சுஜீவன் அப்போதுதான் பேட்டரியோடு வந்தார். அவரையும் உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் இருவரும் நின்றோம். காற்று மணலை வாரி அடித்தது.

முதலில் சப்ரி வந்தான். கண் சிவந்திருந்தது. எங்களைக் கடந்து ரோட்டுக்குப் போனான். போயே விட்டான் என்று நினைத்தேன். எதிர்க் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி உள்ளே போனான்.

அவர்கள் போகும்போது சுஹறா, "பெட்டிய வச்சிக்க. குரல எடு. என்ட கதைய நான் சொல்லிட்டன்."

சப்ரியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள். மகனின் தோளைப் பிடித்தாளா, பின்கம்பியைப் பிடித்தாளா? பார்க்கத்தான் நினைத்தேன், கண்ணில் மணல்.

ஜூலை 26, ஞாயிறு

மூன்றாவது பெட்டியில் குரல் இருந்த மெமரி கார்டைக் கழற்றியாயிற்று. பெட்டியை எடுத்துவிடலாம் என்கிறார் காக்கா. வைக்கச் சொன்னாள் என்றேன்.

இன்று நல்ல கூட்டம். மூன்றாவது பெட்டியைத் திறக்கிறார்கள், காதைக் கிட்டக் கொண்டுபோகிறார்கள், என்னைத் தேடி வருகிறார்கள்.

"டீச்சர், இது பழுதா?"

இல்லை என்கிறேன்.

"அப்ப?"