அண்ணன் இன்று வாய்விட்டுப் படிக்க வேண்டியது

அண்ணா,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. மெதுவாக மென்று விழுங்கு. ஐந்து மணிக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சர் வருவார்; கதவைத் திறந்துவிடு.

தலையில் அடிபட்டுப் பேச்சுக் குழறும் உனக்கு, தினமும் வாய்விட்டுப் படிக்க வீட்டிலிருந்து யாராவது ஐந்து வரி எழுதித்தர வேண்டும் என்றாரல்லவா? மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

“என் தங்கைக்குப் பேச்சுத் திக்கும். விட்டுவிட்டுப் பேசுகிறாள் என்று அவளுக்குத் ‘தந்தி’ என்று பெயர் வைத்தவன் நான்தான். பள்ளியில் அவள் முதன்முதலாக மேடையேறியபோது, ‘தந்தி வருது, எல்லாரும் எழுதிக்குங்கடா!’ என்று பின்வரிசையிலிருந்து கத்தினேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து எதையும் டைரியிடம்தான் சொல்கிறாள்.”

‘த’ உனக்கு இப்போது வருவதில்லை. தெரிந்தேதான் தங்கையையும் தந்தியையும் போட்டேன். இது கொடுமையோ என்று சந்தேகம் வந்து டீச்சரிடமே காட்டினேன். “நல்ல பயிற்சிம்மா, நிறுத்தி நிறுத்திப் படிக்கட்டும்” என்றார். சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனாலும் சீட்டைக் கிழிக்கவில்லை.

பி.கு.: நீ படிப்பதைப் போனில் பதிவு செய்ய டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். வந்ததும் கேட்பேன்.

இன்னொன்று: நான் படிக்கும் மாலை வகுப்பில் இன்று நான் எழுந்து பேச வேண்டிய முறை. பின்வரிசையில் உட்கார அம்மாவை அழைத்துப் போகிறேன். நேற்று மாதிரி நீ திணறும்போது சொல்லெடுத்துக் கொடுக்க, இன்று வீட்டில் அம்மா இருக்கமாட்டார்.